வாசலில் ஒரு சின்ன ஸ்கூட்டர்

“ஏம்மா, முப்பத்தேழு வயசுல உனக்கு எதுக்கு ஸ்கூட்டர்? கீழே விழுந்து கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா இந்த ரெண்டு குழந்தைங்களையும் யார் பார்க்கிறது?”

ஐந்து மாதத்துக்கு முன்னால் என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கே அந்தப் பயம் இருந்தது. சைக்கிளைக்கூடப் பள்ளிக்கூட நாட்களோடு மறந்துவிட்டவள் நான்.

இன்றைக்கு எங்கள் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன ஸ்கூட்டர் நிற்கிறது. வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 1,100 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவை விழுந்தும் எழுந்தாயிற்று. இந்த மூன்று மாதத்தில் நான் கண்டதையும் கற்றதையும் ஒளிவு மறைவில்லாமல் உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். “எந்தக் கம்பெனி வண்டி?” என்று மட்டும் கேட்காதீர்கள். கம்பெனிப் பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைச் சொல்கிறேன்.

தீர்ந்துபோன மருந்து

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. பெரிய கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். செங்கம் சாலையில் பஸ் போகும், ஆட்டோ கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது மயில் அகவும் அமைதியான இடம். ஆனால் குடும்பம் நடத்துகிறவளுக்குப் பள்ளிக்கூடம், மார்க்கெட், பாங்க், டாக்டர் எல்லாமே டவுனில்தான்.

என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை ராத்திரி வருவார். திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறிவிடுவார். நடுவில் இருக்கிற நாட்களுக்கு நானும், என் மாமியாரும், நான்காவது படிக்கும் மகளும், மூன்றரை வயது மகனும்தான்.

சின்னவனுக்கு வீசிங் உண்டு. குழந்தை மருத்துவர் இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார். ஒன்று, மூச்சு இழுக்கும்போது கொடுப்பது. இன்னொன்று, இழுப்பு வராமலிருக்கத் தினமும் கொடுக்க வேண்டிய தடுப்பு மருந்து. “குழந்தை நல்லா இருக்கானேன்னு இதை நிறுத்திடாதீங்கம்மா” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை அந்தத் தடுப்பு மருந்து தீர்ந்துவிட்டது. டவுனில் ஒரே ஒரு மருந்துக் கடையில்தான் அது கிடைக்கும். மழை பெய்துகொண்டிருந்தது. கொழுந்தனாரைக் கேட்கலாம், முதல் வாரம்தான் கேஸ் புக்கிங்குக்காக அவரை அலையவிட்டேன். எதிர் வீட்டில் கேட்கலாம். அவர்களுக்கு என்ன வேலையோ. ஆட்டோவில் போய் வரலாம். ஒரு இன்ஹேலருக்காக அவ்வளவு செலவா? குழந்தையும் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். ‘சனிக்கிழமை அவர் வந்து வாங்கட்டும்’ என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. ஆட்டோக்காரருக்குப் போன் செய்து, அவர் வந்து, நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. நெபுலைசர் வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, விடியும்போது குழந்தை தூங்கினான். “தடுப்பு மருந்து கொடுத்துக்கிட்டிருக்கீங்க இல்ல?” என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் 108-க்குத்தான் போன் செய்ய வேண்டும். ஸ்கூட்டர் இருந்தாலும் மூச்சுத் திணறும் குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டிப் போகக் கூடாது. ஆகையால் அந்த ராத்திரிக்காக நான் வண்டி வாங்கவில்லை. அந்தப் புதன்கிழமைக்காகத்தான் வாங்கினேன். யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு நான் தள்ளிப்போட்ட அந்தச் சின்ன வேலைக்காக.

நம்மில் எத்தனை பேர் இப்படி! பல் வலியை மாத்திரை போட்டு அடக்குவோம். ரத்தப் பரிசோதனையை ‘அடுத்த மாதம்’ என்போம். காசு இல்லாமல் அல்ல. யாரைக் கேட்பது என்ற தயக்கத்தில்தான். 2021-ம் ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உபகாரம், நானும் போகிறேன். ஆனால் கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு அரை மணியில் திரும்பி வருகிற வேலைக்குப் பஸ் தோதுப்படாதே.

அப்பாவின் மொபெட்டும் வெள்ளைக்கார அம்மாவும்

என் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. ஓசூரில் தயாரித்து 1980-ல் வெளிவந்த அந்த மொபெட்டை நம் ஊர்ப் பக்கம் அறியாதவர் கிடையாது. பால் கேனிலிருந்து நெல் மூட்டை வரை எல்லாம் அதில் போயிற்று. அதற்கு முன்பே 1972-ல் லூனா வந்துவிட்டது. கியர் போடத் தேவையில்லாமல், பட்டனை அழுத்தினால் கிளம்புகிற கைனடிக் ஹோண்டா 1984-ல் வந்தது. காலால் உதைத்துக் கிளப்ப வேண்டாம் என்றதும் பல பெண்கள் துணிந்து ஓட்டத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளில் ஸ்கூட்டி வந்தபோது கல்லூரிப் பெண்கள் கையில் வண்டி சர்வ சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் அம்மா கடைசி வரை பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தே போனார். நானும் அப்படியே வளர்ந்தேன்.

எனக்குத் தைரியம் கொடுத்தது யார் தெரியுமா? எங்கள் தெருவில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபது வயதுக்குக் குறையாது. நூல் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாடகை ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். கீரைக்கட்டு வாங்கி வருவார். ஆசிரமப் பக்கம் இது தினசரிக் காட்சி. எத்தனையோ வருஷம் பார்த்ததுதான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்த்தபோதுதான், ‘இந்தப் பாட்டிக்கு முடிகிறது, எனக்கு முடியாதா?’ என்று தோன்றியது.

சொல்லிக் கொடுத்தவர் எதிர் வீட்டு டெய்லர் அக்கா. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று அரசு மானியம் கொடுத்த திட்டம் 2018-ல் வந்ததே, அதில் வாங்கிய வண்டி அவருடையது. அந்தத் திட்டம் பிறகு நிறுத்தப்பட்டுவிட்டது. அக்காவின் வண்டி இன்னும் ஓடுகிறது. எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காலி மனைகள் இருக்கும் மண் ரோட்டில் பழகினேன். எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்குப் போக முடியும். எட்டுப் போட்டுக் காட்டியபோது கால் தரையில் படவில்லை. ஆனால் நெஞ்சு படபடத்தது நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்!

வண்டியை நான் பார்த்த விதம்

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். மூன்று கடைக்குப் போனேன். விற்பனைப் பையன்கள் மைலேஜும் கலரும் சொன்னார்கள். அதில் ஒருவன், “மேடம், 2015-ல அனம் ஹாஷிம்னு ஒரு பொண்ணு 110 சி.சி. ஸ்கூட்டி ஜெஸ்ட்லயே இமயமலையில கர்துங் லா வரைக்கும் போனாங்க” என்றான். “தம்பி, நான் அக்னி லிங்கம் வரைக்கும் போனா போதும்” என்றேன். சிரித்துவிட்டான். ஆனால் வெளியே வந்து யோசித்தபோது, அந்தப் பெண் சின்ன வண்டியில் அவ்வளவு உயரம் ஏறியது மனசுக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

நான் பார்த்தது மூன்றே விஷயம்.

முதலாவது, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா? நுனிக் கால் எட்டினால் போதாது. சிக்னலிலும் கூட்டத்திலும் வண்டி சாயும்போது நம்மைக் காப்பாற்றுவது அந்தப் பாதம்தான். என் வண்டியின் சீட் உயரம் 760 மில்லிமீட்டர். எனக்குப் பாதம் முழுசாகப் பதிகிறது. உங்கள் உயரத்துக்கு எது சரி என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வழக்கமாகப் புடவை கட்டுகிறவர் புடவையோடு, சுடிதார் போடுகிறவர் சுடிதாரோடு, தினம் போடும் செருப்போடு உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது, எடை. நூறு கிலோவுக்குச் சற்று மேல் உள்ள சின்ன வண்டி எனக்குப் போதுமென்று தோன்றியது. ஓடும்போது எடை தெரியாது. சந்தில் பின்னால் தள்ளித் திருப்பும்போதும், மெயின் ஸ்டாண்ட் போடும்போதும்தான் தெரியும். கடையிலேயே ஸ்டாண்ட் போட்டு எடுத்துப் பார்த்தேன். கையால் தூக்கக் கூடாது. ஸ்டாண்டின் மேல் காலை ஊன்றி உடம்பின் பாரத்தை அதில் இறக்க வேண்டும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, பின்னால் உட்காருகிறவருக்குப் பாதுகாப்பு. பின்சக்கரத்தின் இடது பக்கம் இருக்கும் கம்பித் தடுப்பைப் ‘புடவை கார்டு’ என்பார்கள். அழகுக்கு என்று நினைத்து அதைக் கழற்றி விடுகிறவர்கள் உண்டு. பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கப் படியும், உடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அதைக் கழற்றாதீர்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரையும் யோசித்தோம். நமக்குப் பக்கத்து ஓசூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளில் இருந்துதான் நாடு முழுக்க அவை போகின்றன. ஆனால் எங்களுடையது வாடகை வீடு. வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. மாடியிலிருந்து ஒயர் இழுத்துத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவது, குழந்தைகள் இருக்கும் இடத்தில் சரியல்ல என்று பெட்ரோல் வண்டியாகவே எடுத்தோம். சொந்த வீடும், வாசலில் ஒழுங்கான மின் இணைப்பும் உள்ளவர்கள் அதையும் பார்க்கலாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. போர்டில் எழுதியிருப்பது ஒன்று, நாம் கொடுப்பது ஒன்று. சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து புது டூ வீலருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது எங்களுக்குக் கொஞ்சம் கை கொடுத்தது. அப்படியும் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரத்தைத் தொட்டது. நான் போட்டுவந்த ஏலச்சீட்டுப் பணம் பாதி. அவர் கொடுத்தது பாதி.

முதல் நாட்கள்

வண்டி வந்த முதல் வாரம் ரோட்டில் போனால் எதிரே வருகிற பெரியவர்கள் கையை மூடி மூடித் திறந்து காட்டினார்கள். “அம்மா, லைட் எரியுது!” என்று ஒருவர் நிறுத்தியே சொன்னார். அணைக்க ஸ்விட்சே கிடையாது என்றதும் நம்பவில்லை. 2017 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகளில் என்ஜின் ஓடினால் முன் விளக்கும் எரியும். எதிரில் வருபவர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

பிரேக்கிலும் ஒரு புது ஏற்பாடு. இடது கை பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது. 125 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். பழகுகிறவளுக்கு இது வரப்பிரசாதம். பதற்றத்தில் ஒரு கையை மட்டும் பிடித்தாலும் வண்டி நேராக நிற்கிறது.

பிடித்த இன்னொன்று சீட்டுக்கடியில் இருக்கும் பெட்டி. காலுக்கு முன்னால் பை மாட்டக் கொக்கியும் இருக்கிறது. முதல் நாள் ஆசையாக வாழைப்பழப் பையை அதில் மாட்டிக்கொண்டு ஆசிரமத்துக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பை மரத்தின் மேல்! குரங்கார் பழத்தைத் தின்று தோலை என் சீட்டின் மேலேயே போட்டார். அன்றிலிருந்து தின்பண்டமெல்லாம் பெட்டிக்குள்தான்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சக்கரம் சிறியது, ஆகவே வேகத்தடையிலும் பள்ளத்திலும் தூக்கிப் போடுகிறது. முதல் மாதம் இடுப்பும் வலது மணிக்கட்டும் வலித்தன. இடுப்பு வலிக்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான் என்று புரிந்தது. மணிக்கட்டு வலி, நான் ஆக்ஸிலேட்டரை உயிரைப் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடித்ததால் வந்தது. தோளைத் தளர்த்தி, முழங்கையை லேசாக மடக்கி, பிடியை இளக்கினேன், வலி போய்விட்டது. லாரிக்குப் பின்னால் போகும்போது காற்றில் வண்டி லேசாக அலைகிறது. எனவே லாரியை முந்துவதில்லை என்று விரதம்.

கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். லிட்டருக்குச் சராசரி 46 கிலோமீட்டர். மாதம் பெட்ரோல் சுமார் 800 ரூபாய். முன்பு ஆட்டோவுக்கு 1,800 வரை போகும். சர்வீஸ், இன்ஷூரன்ஸ், வண்டிக்குப் போட்ட பணம் இவற்றைச் சேர்த்தால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே ‘பணம் மிச்சமாகும்’ என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

நான் விழுந்த கதை

மூன்றாவது வாரம். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் சந்து திரும்பும் இடத்தில் யாரோ வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. ஹேண்டில் திரும்பியிருந்த நிலையிலேயே பிரேக்கை இறுகப் பிடித்துவிட்டேன். முன்சக்கரம் மணலில் வழுக்கியது. அடுத்த நொடி இருவரும் கீழே.

வேகம் குறைவு. எனக்கு முழங்கால் சிராய்ப்பு. மகளுக்கு முழங்கையில் தோல் பிய்ந்தது. அவள் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறலைத்தான் நான் அன்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். “எனக்கு எதுக்கும்மா ஹெல்மெட், தலை கசகசங்குது” என்று அன்று மத்தியானம்கூட அவள் சிணுங்கியிருந்தாள்.

குற்றம் வண்டி மேல் இல்லை. மணலைக் கண்டால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திரும்பும்போது பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சிராய்ப்பைக் கழுவி மருந்து போட்டார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போனில் கணவரிடம், “வித்துடலாங்க” என்று அழுதேன். வண்டிக்கு உறை போட்டேன். பத்து நாள் அதைத் தொடவில்லை.

பதினோராம் நாள் காலை. சின்னவனுக்கு இன்ஹேலர் கொடுக்கும்போது, “இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் வரும்” என்று எனக்குள் முணுமுணுத்தேன். மாமியார் காதில் விழுந்திருக்கிறது. சிறிது நேரத்தில் புடவை மாற்றி, கையில் பையோடு வாசலில் வந்து நின்றார்.

“வண்டியை எடு. மருந்து வாங்கிட்டு வந்துடலாம். நானும் வரேன். குழந்தையை டெய்லர்கிட்ட விட்டுட்டு வா.”

“நீங்க எதுக்கு அத்தை?”

“எனக்கும் கண்ணைக் காட்டணும். ரெண்டு வருஷமா மங்கலாத்தான் தெரியுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ரெண்டு வருஷமாவா! ஏன் அத்தை சொல்லலை?”

“யாரைக் கேக்கிறது? அவன் வர்றதே ஒரு நாள். நீ ஏற்கெனவே அலைஞ்சுக்கிட்டிருக்கே.”

அந்தப் புதன்கிழமை நான் நினைத்த அதே வார்த்தை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் நினைத்திருக்கிறோம்.

மகளின் ஹெல்மெட்டுக்குப் பதிலாகப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கானது இரண்டு வீட்டில் இருந்தன. ஒன்றை அவருக்கு மாட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி உட்கார வைத்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம். “மெதுவா... மெதுவா...” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் அன்று ஆட்டோவில்தான் அழைத்துப் போனோம். அதற்கு முந்திய பரிசோதனைகளுக்கெல்லாம் நம் வண்டிதான்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

நான் பட்டு அறிந்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொடாதீர்கள். அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிது, விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் சிக்கலாகிவிடும்.

ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்கிறது சட்டம். இரண்டு குழந்தைகளையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். என் அப்பா என்னை முன்னால் நிற்க வைத்துத்தான் ஓட்டினார். நான் என் மகனை அப்படி நிற்க வைப்பதில்லை. திடீரென்று பிரேக் போட்டால் குழந்தையின் முகம் ஹேண்டிலில் மோதும்.

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை அழைத்துப் போனால், நம் உடம்போடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி. நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும், பின்னால் இருப்பவர் உட்பட, ஹெல்மெட் கட்டாயம்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். தாடை வாரைப் பூட்டாத ஹெல்மெட் தலையில் கவிழ்த்த பானைதான். ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம்; மாற்றிவிடுங்கள். ஈரத் தலையோடு மாட்டாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு மாட்டினால் வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும்.

துப்பட்டாவும் முந்தானையும் காற்றில் பறக்கக் கூடாது. கிளம்புமுன் முடிச்சிட்டுச் செருகி, ஒரு முறை குனிந்து பின்சக்கரத்தைப் பாருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஓட்ட வேண்டாம்.

மூடிய அறைக்குள் வண்டியைக் கிளப்பி வைத்துத் துடைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாத விஷம். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் ஆபத்து.

வாரம் ஒரு முறை டயருக்குக் காற்று பாருங்கள். வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் எவ்வளவு என்று எழுதியிருக்கும். முதல் சர்வீஸைத் தவற விடாதீர்கள். புது என்ஜினின் முதல் ஆயில் மாற்றம் முக்கியம்.

பௌர்ணமி அன்று

மாதத்தில் ஒரு நாள் என் ஸ்கூட்டருக்கு ஓய்வு. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனங்கள் நடப்பார்கள். போலீஸார் வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். எங்கள் வீடு அந்தப் பாதையை ஒட்டியே இருப்பதால், முதல் நாளே பால் பவுடர், காய்கறி, முக்கியமாக மருந்து எல்லாம் வாங்கி வைத்துவிடுகிறேன். மற்ற நாட்களிலும் இந்தச் சாலையில் வெறுங்காலோடு நடப்பவர்களும் வயதான சாதுக்களும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து ஹாரன் அடிப்பதில்லை. வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிறேன். ஓட்டத் தெரிந்த பிறகுதான் நடக்கிறவர்களின் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

இப்போது காலண்டரில் இன்ஹேலர் தீரும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட மருந்து தவறவில்லை. மாமியாரின் இரண்டாவது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் வட்டம் போட்டாயிற்று.

நேற்று மாமியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “ஆட்டோ மாதிரி தூக்கிப் போடறதில்லைங்க. எங்க மருமக மெதுவாத்தான் ஓட்டுவா. உங்களுக்கு முட்டி வலின்னீங்களே, டாக்டர்கிட்ட போகணும்னா சொல்லுங்க. நான் அவகிட்ட கேக்கிறேன்.”